இங்கிலாந்துல கவுன்சில் ஒரு கேர் ஹோம் இடத்தை எப்படி வாங்குது

வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணி வாக்குல ஒரு ஈமெயில் கிளம்பும். இங்கிலாந்துல பெரும்பாலான கவுன்சில்ல, அதாவது உள்ளூராட்சில, ப்ரோக்கரேஜ் டீம்னு ஒண்ணு இருக்கும், தனியா வாழ முடியாதவங்களைத் தங்க வச்சுப் பார்த்துக்கிற கேர் ஹோம்ல இடம் தேடுறது இவங்க வேலை, அங்கேர்ந்து போறது. இடம் வேண்டிய ஆளோட பேர் இருக்காது, இனிஷியல் மட்டும்தான். வயசு 24, ஆட்டிசம், கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைபாடு, வலிப்பு உண்டு, பேச்சு கிடையாது, பதட்டம் வந்தா தலையைச் சுவத்துல மோதிக்குவார், வெளிய போகணும்னா கூட ரெண்டு பேர் வேணும், இப்ப இருக்கிற ஹோம்ல 28 நாள் நோட்டீஸ் குடுத்துட்டாங்க. இவ்வளவையும் ஒரே பக்கத்துல அடக்கி நாப்பது அம்பது கேர் கம்பெனிக்கு ஒரே நேரத்துல அனுப்புவாங்க. முக்காவாசிப் பேர் பதிலே போட மாட்டாங்க, நாலஞ்சு பேர் 'எங்ககிட்ட இடம் இல்ல'ம்பாங்க, ஒருத்தர் மட்டும் இடம் இருக்குன்னு சொல்லுவார், அது 150 மைல் தள்ளி இருக்கும், ரேட்டும் அவர் சொல்றதுதான்.

இந்த 24 வயசுக்காரர் நான் உதாரணத்துக்கு உருவாக்கினவர். ஆனா அந்த ஈமெயில் கற்பனை இல்ல, கிட்டத்தட்ட இந்த மாதிரிதான் வாரா வாரம் நடக்குது. இதுக்கு அவங்க வச்சிருக்கிற பேரு கமிஷனிங். கேட்டா பெரிய திட்டமிடல் மாதிரி இருக்கும், சட்டத்துலயும் அப்படித்தான் எழுதியிருக்கு, ஆனா நடைமுறைல பாதிக்கு மேல அவசரத்துக்குக் கடையத் தொறந்து வாங்குற கதைதான். கடைக்காரர் ஒருத்தரே இருக்கிற ஊர்ல அவசரத்துக்குப் போய் நின்னா என்ன விலை சொல்லுவார்னு நமக்குத் தெரியாதா என்ன.

முதல்ல ஒரு விஷயம், பல பேர் கவுன்சில்தான் இந்த ஹோமையெல்லாம் நடத்துதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு காலத்துல நடத்துச்சு. 1948ல நேஷனல் அசிஸ்டன்ஸ் ஆக்ட் வந்து பழைய ஏழைச் சட்டத்தைத் தூக்கிப் போட்டப்போ, முடியாதவங்களுக்குத் தங்க இடம் குடுக்கிற பொறுப்பு கவுன்சில் தலைல வந்துச்சு, அந்தச் சட்டத்தோட மூணாவது பகுதில அது இருந்ததால ரொம்ப வருஷம் அந்த ஹோம்களுக்கே 'பார்ட் த்ரீ'ன்னுதான் பேரு. ஆனா மனவளர்ச்சி குன்றினவங்க நிறைய பேர் அங்க போகல, ஊருக்கு வெளிய பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள்ல வருஷக்கணக்கா, சில பேர் ஆயுசு முழுக்க அடைஞ்சு கிடந்தாங்க. கார்டிஃப்ல ஈலி ஆஸ்பத்திரி கொடுமைகள் 1967ல பேப்பர்ல வெளிய வந்து, 1969ல விசாரணை அறிக்கை வந்து, 1971ல அரசாங்கம் இனி இவங்க ஊருக்குள்ள வாழணும்னு கொள்கையா அறிவிச்சுது. அறிவிக்கிறது ஈஸி, ஊருக்குள்ள வீடு எங்க?

வீடு வந்தது ஒரு விபத்து மாதிரிதான். 1980கள்ல, கையில காசில்லாத ஒருத்தர் ப்ரைவேட் ஹோம்ல சேர்ந்தா அந்த ஃபீஸை சோஷியல் செக்யூரிட்டி, அதாவது மத்திய அரசோட உதவித்தொகை, கட்டிடும், அவருக்கு உண்மையிலேயே ஹோம் தேவையான்னு யாரும் பெருசா கேக்க மாட்டாங்க. கவுன்சிலுக்கும் சந்தோஷம், அவங்க பட்ஜெட்ல இருந்து போகலியே. பெரிய வீடு வச்சிருந்தவங்க, கடலோர ஊர்கள்ல கூட்டம் வராத கெஸ்ட் ஹவுஸ் வச்சிருந்தவங்கள்ல பல பேர் போர்டை மாத்தி கேர் ஹோம் ஆக்கிட்டாங்க. 1979ல சுமார் 1 கோடி பவுண்டா இருந்த அந்தச் செலவு 1990கள் ஆரம்பத்துல 100 கோடியைத் தாண்டிப் போயிடுச்சு. அது ஏற ஆரம்பிச்சப்பவே பயந்து போன தாட்சர் அரசாங்கம் சர் ராய் கிரிஃபித்ஸைக் கூப்பிட்டாங்க, அவர் சைன்ஸ்பரிஸ் சூப்பர் மார்க்கெட் நிர்வாகத்துல பெரிய ஆளு. 1988ல அவர் குடுத்த அறிக்கையோட சாரம் இதுதான்: கவுன்சில் எல்லாத்தையும் தானே நடத்த வேண்டாம், யாருக்கு என்ன தேவைன்னு பார்த்து வெளிய வாங்கிக் குடுக்கட்டும். 1990ல சட்டமாச்சு, 1993 ஏப்ரல்ல முழுசா நடைமுறைக்கு வந்துச்சு. சோஷியல் செக்யூரிட்டி பணம் கவுன்சிலுக்கு மாறுச்சு, கூடவே ஒரு கண்டிஷன், மாறி வர்ற அந்தப் பணத்துல 85 சதவீதத்தை தனியார், தொண்டு நிறுவனங்கள்கிட்டதான் செலவழிக்கணும். ஆக இந்த மார்க்கெட் தானா முளைச்ச மாதிரி இன்னைக்குப் பேசுறாங்களே, தானா முளைக்கல, தண்ணி ஊத்தி வளர்த்தது.

இப்ப நடப்புல இருக்கிறது 2014 கேர் ஆக்ட், 2015 ஏப்ரல்ல அமலுக்கு வந்தது. இங்கிலாந்துல இந்தப் பொறுப்பு இருக்கிற கவுன்சில் 153. (ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து கதை வேற, அதை இங்க கலக்கல.) வரிசை என்னன்னா, முதல்ல அசெஸ்மென்ட், ஒரு சோஷியல் வொர்க்கர் வந்து பார்ப்பாங்க. பத்து விஷயம் வச்சிருக்காங்க, சாப்பாடு, குளியல், டாய்லெட், உடுத்துறது, வீட்டைப் பாதுகாப்பா பயன்படுத்துறது, சுத்தம், உறவு நட்பு, வேலை படிப்பு, வெளிய போய் வர்றது, பிள்ளை வளர்ப்பு. இதுல ரெண்டு அல்லது அதுக்கு மேல முடியலன்னா, அதுக்குக் காரணம் உடல் மன பாதிப்பா இருந்தா, அதனால வாழ்க்கையே பெருசா பாதிக்கப்பட்டா, கவுன்சில் உதவி செஞ்சே ஆகணும், அது சட்டக் கடமை.

இங்க நம்ம வீடுகள்ல நடக்கிற ஒரு விஷயத்தைச் சொல்லணும். தமிழ்க் குடும்பத்துக்கு மொழிபெயர்க்க நான் சில தடவை இந்த மாதிரி அசெஸ்மென்ட்ல உக்காந்திருக்கேன். ஒரு தடவை யாழ்ப்பாணத்து அன்ரி ஒருத்தர், மகனுக்கு முப்பது தாண்டியாச்சு. சோஷியல் வொர்க்கர் கேட்டாங்க, அவர் தானா சாப்பிடுவாரான்னு. அன்ரி உடனே 'ஓம், அவன் தானாத்தான் சாப்பிடுவான்'ன்னுட்டாங்க, குரல்ல ஒரு பெருமை வேற. உண்மை என்னன்னா அன்ரி சோத்தைக் குழைச்சு, மீன் முள்ளு ஒவ்வொண்ணா எடுத்து, தட்டை அவர் கைக்கு நேரா வச்சு, பக்கத்துலயே நின்னு 'இன்னும் ஒரு வாய்'னு சொல்லிச் சொல்லித்தான் அவர் சாப்பிடுறார். ஃபாரத்துல விழுந்தது என்ன, 'சுயமாகச் சாப்பிடுவார்'. சட்டப்படி பார்த்தா வீட்டு ஆள் செய்யிற உதவியைக் கணக்குல எடுக்காமத்தான் தேவையை அளக்கணும், அம்மா இல்லாத வீட்டுல இவர் எப்படி இருப்பார்ங்கிறதுதான் கேள்வி. அதை அந்தக் கவுன்சில் ஆளுங்க ஒரு வார்த்தை கூட விளக்கல. கடைசில வெளிய வரும்போது அன்ரி என்னைக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, 'எனக்குப் பிறகு இவனை ஆர் தம்பி பாக்கிறது?' அந்தக் கேள்விக்கு ஃபாரத்துல கட்டம் இருந்துச்சு, அதைப் பின்னால சொல்றேன்.

தேவைன்னு முடிவானா கேர் ப்ளான், அதுக்கு ஒரு தொகை, பர்சனல் பட்ஜெட்னு பேரு. பெரிய தொகைன்னா பெரும்பாலும் ஒரு பேனலுக்கு, அதாவது கவுன்சில் அதிகாரிகள் குழுவுக்குப் போகும், அங்க உக்காந்திருக்கிறவங்கள்ல பல பேர் அந்த மனுஷனைப் பார்த்திருக்கவே மாட்டாங்க. பேனல் ஓகே சொன்னதும் ப்ரோக்கரேஜ் டீம், அப்புறம்தான் நம்ம வெள்ளிக்கிழமை ஈமெயில்.

வாங்குற விதம் மூணு. ஒண்ணு ப்ளாக் கான்ட்ராக்ட், ஒரு ஹோம்ல இத்தனை ரூம் எனக்குன்னு மொத்தமா எடுத்து, ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் பணம் குடுக்கிறது. ரெண்டாவது ஃப்ரேம்வொர்க், டெண்டர் விட்டு, தகுதியான கம்பெனிகளை ஒரு லிஸ்ட்ல ஏத்தி, ரேட், விதிமுறை எல்லாம் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு, ஆள் வர வர அந்த லிஸ்ட்ல இருந்து எடுக்கிறது. மூணாவது ஸ்பாட் பர்ச்சேஸ், ஒரு ஆளுக்கு ஒரு இடம், அப்பப்ப பேசி வாங்குறது. வயசானவங்க ஹோமுக்கு முதல் ரெண்டும் ஓரளவு ஒத்து வரும், ஏன்னா ஒருத்தரோட தேவையும் அடுத்தவரோட தேவையும் ரொம்பத் தள்ளி இருக்காது. ஆனா காம்ப்ளெக்ஸ் நீட்ஸ்னு சொல்ற ஆளுங்களுக்கு, அதாவது அறிவு வளர்ச்சிக் குறைபாட்டோட வலிப்பு, மனநோய், தன்னையோ மத்தவங்களையோ காயப்படுத்துற நடத்தை, மூளைக் காயம்னு ஒண்ணுக்கு மேல ஒண்ணு சேர்ந்து இருக்கிறவங்களுக்கு, ஃப்ரேம்வொர்க் லிஸ்ட்ல அம்பது கம்பெனி இருந்தாலும் அந்த ஒரு ஆளை எடுக்க ஒத்துக்கிறவங்க ஒண்ணோ ரெண்டோதான். எடுக்கணும்னு கட்டாயமும் இல்ல.

அதுலயும் ரூம் காலியா இருந்தா மட்டும் பத்தாது. நாலு பேர் இருக்கிற வீட்டுல ஒருத்தருக்குச் சத்தம் ஆகாது, புதுசா வர்றவர் ராத்திரி பூரா கத்துறவர்னா, ரெண்டு பேர் வாழ்க்கையும் கெடும். நல்ல மேனேஜர் இதைப் பார்த்துட்டு வேண்டாம்னு சொல்லிடுவார், ரூம் மாசக்கணக்குல காலியா கிடந்து நஷ்டம் ஆனாலும். மோசமான கம்பெனி, ரூமை ரொப்பணுமேன்னு சரின்னுடும், மூணு மாசத்துல 'எங்களால முடியல'ன்னு 28 நாள் நோட்டீஸ், மறுபடி அதே ஈமெயில், இந்தத் தடவை அந்த ஒரு பக்கத்துல 'ப்ளேஸ்மென்ட் ப்ரேக்டவுன்'ன்னு ஒரு வரி கூடியிருக்கும், அதைப் பார்த்து இன்னும் ரெண்டு கம்பெனி ஒதுங்கிக்கும். ஒருத்தர் இப்படி மூணு நாலு ஹோம் மாறினா, இவர் யாராலயும் வச்சுப் பார்க்க முடியாதவர்ங்கிற பேர் ஃபைல்ல ஒட்டிக்கும். உண்மைல தப்பா வாங்கினது கவுன்சில், பேர் கெட்டது அவருக்கு.

சரி, விலைக்கு வருவோம், ஏன்னா வாரம் மூவாயிரம் நாலாயிரம் பவுண்டுன்னு கேட்டா எல்லாரும் கொள்ளைன்னுதான் சொல்லுவோம், நானும் அப்படித்தான் நினைச்சேன். ஒரு சின்னக் கணக்கு போடலாம். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருத்தருக்கு 24 மணி நேரமும் பக்கத்துல ஒரு ஆள் வேணும்னா, 2025 ஏப்ரல்ல இருந்த குறைஞ்சபட்ச சம்பளம் மணிக்கு 12.21 பவுண்டு, பெருக்கினா 2,051. பகல்ல 14 மணி நேரம் ரெண்டாவது ஆளும் வேணும்னா இன்னொரு 1,197. மொத்தம் வாரத்துக்கு 3,248, வருஷத்துக்கு 1,68,000க்கு மேல. இதுவே வெறும் சம்பளம், அதுவும் சட்டம் சொல்ற அடிமட்டச் சம்பளம். லீவு, பென்ஷன், 15 சதவீதம் ஆன முதலாளி பக்க நேஷனல் இன்ஷூரன்ஸ், ட்ரெயினிங், மேனேஜர், வாடகை, சாப்பாடு, உடைஞ்ச ஜன்னல், எதுவும் இதுல சேரல. அதனால பெரிய நம்பரைப் பார்த்ததும் கொள்ளைன்னு சொல்லிட முடியாது.

கொள்ளை எங்க ஒளியும்னா, அந்த மணி நேரக் கணக்குல. கேர் ப்ளான்ல ரெண்டு ஆள்னு இருக்கும், கவுன்சில் அதுக்குக் காசும் கட்டும், ஹோம்ல போய்ப் பார்த்தா அந்த ரெண்டாவது ஆள் மாடில இன்னொருத்தரையும் சேர்த்துப் பார்த்துக்கிட்டு இருப்பார். ரோட்டாவை, அதாவது ட்யூட்டி லிஸ்டைக் கேட்டு வாங்கி, இந்த ஆளுக்குன்னு எத்தனை மணி நேரம் உண்மைல போச்சுன்னு பார்க்கிற கமிஷனர் (கேர் வாங்குற அதிகாரியை இப்படித்தான் சொல்லுவாங்க) இருக்கிற கவுன்சிலும் உண்டு, மூணு வருஷம் எட்டிப் பார்க்காத கவுன்சிலும் உண்டு. அதே மாதிரி ராத்திரி. முழிச்சிருக்கிற ஆளா, படுத்துத் தூங்கி கூப்பிட்டா எழுந்திருக்கிற ஸ்லீப்-இன் ஆளாங்கிறது விலைல பெரிய வித்தியாசம். ஸ்லீப்-இன்ல தூங்குற நேரத்துக்கும் குறைஞ்சபட்ச சம்பளம் உண்டான்னு பெரிய வழக்கே நடந்து, 2021 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட் இல்லன்னு சொல்லிடுச்சு. கேர் வேலை செய்யிறவங்களுக்கு அது பெரிய அடி, கவுன்சில் நிதி அதிகாரிகளும் கம்பெனிகளும் அன்னைக்கு நிம்மதியா தூங்கியிருப்பாங்க.

விலை நியாயமான்னு பார்க்க கவுன்சில்கள் கேர்க்யூப்ட்ங்கிற ஒரு சாஃப்ட்வேர் வச்சிருக்கு, மணி நேரம், ஏரியா, ஸ்டாஃப் எண்ணிக்கை எல்லாம் போட்டா ஒரு அளவு வரும், அதைக் காட்டி பேரம் பேசுவாங்க. ஆனா ஒரு வேடிக்கை, 2022ல அரசாங்கம் நியாயமான கேர் செலவு என்னன்னு எல்லா கவுன்சிலையும் கணக்கெடுக்கச் சொன்னப்போ, கேர் ஹோம்ல 65 வயசுக்கு மேல இருக்கிறவங்களை மட்டும்தான் எடுத்துக்கிட்டாங்க. 18ல இருந்து 64 வரைக்கும் இருக்கிறவங்களோட ஹோம் அந்தக் கணக்குலயே இல்ல. ஒரு தலைக்கு அதிகமா செலவாகிற கூட்டம் எதுவோ அதைத்தான் விட்டுட்டாங்க. வயசானவங்க கேர்னாதான் ஓட்டு, டிவி விவாதம் எல்லாம், 24 வயசு பேச்சு வராத பையனுக்கு யார் விவாதம் வைக்கப் போறாங்க.

ஸ்டாஃப் பத்தி ஒரு வார்த்தை, இது நம்ம கதையும்தான். 2022 பிப்ரவரில கேர் வொர்க்கர் விசா தொறந்ததும் கேரளா, தமிழ்நாடு, நைஜீரியா, ஜிம்பாப்வேன்னு ஆளுங்க குவிஞ்சாங்க, ஏஜென்ட்டுக்கு லட்சக்கணக்குல கட்டி வந்தவங்களை எனக்கே தெரியும். 2024 மார்ச்சுல குடும்பத்தைக் கூட்டி வர முடியாதுன்னாங்க, 2025 ஜூலை 22ல வெளிநாட்டுல இருந்து புதுசா எடுக்கிறதையே மூடிட்டாங்க. அந்த ரெண்டாவது ஆள் எங்கேர்ந்து வருவார்ங்கிற கேள்வியோட விடை இந்தத் தேதிகள்லதான் இருக்கு.

இதெல்லாம் விலை. அடுத்த சண்டை, யார் பர்ஸ்ல இருந்து. கவுன்சில் கேர்னா அந்த ஆளோட வருமானம், சேமிப்பு பார்த்து அவர்கிட்ட காசு வாங்குவாங்க, 23,250 பவுண்டுக்கு மேல சேமிப்பு இருந்தா முழுச் செலவும் அவரோடது, இந்த அளவு 2010ல இருந்து மாறவே இல்ல. பெனிஃபிட்ங்கிற அரசு உதவித்தொகை மட்டும் வாங்குறவர்னா அதுல பெரும்பகுதி ஹோமுக்கே போயிடும், கைல விட்டு வைக்கிறது 2025-26ல வாரம் 30.65 பவுண்டு. துணிமணி, சினிமா, அண்ணன் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு எல்லாம் அதுக்குள்ளதான். ஆனா இதே தேவை உடல்நலத் தேவைன்னு முடிவாச்சுன்னா முழுச் செலவும் அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ் தலைல, ஆளுக்கு ஒரு பைசா செலவில்ல. அதுக்குப் பேரு கன்டினியூயிங் ஹெல்த்கேர். 1971ல சாலை விபத்துல கை கால் செயலிழந்த பமேலா காஃப்லன்ங்கிற டெவன் பெண்மணி போட்ட வழக்குல 1999ல வந்த தீர்ப்புதான் இதுக்கு அடிப்படை. கோடு எங்கன்னு பார்க்க 12 தலைப்பு வச்சு ஒரு படிவம், சுவாசம், தோல், நடத்தை, மருந்துன்னு. ஒரே மனுஷனைப் பார்த்து என்.ஹெச்.எஸ் நர்ஸ் நடத்தைல 'ஹை'ம்பாங்க, கவுன்சில் சோஷியல் வொர்க்கர் 'சிவியர்'ம்பாங்க, அந்த ஒரு வார்த்தைக்கு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரெண்டு லட்சம் பவுண்டு தொங்கிக்கிட்டு இருக்கு. மெண்டல் ஹெல்த் ஆக்ட்ல மூணாவது பிரிவு மாதிரியான சிகிச்சைப் பிரிவுகள்ல அடைக்கப்பட்டு வெளிய வந்தவர்னா 117வது பிரிவுப்படி பின்பராமரிப்பு இலவசம், அதுல கவுன்சிலும் என்.ஹெச்.எஸ்ஸும் சேர்ந்து பொறுப்பு, எவ்வளவு எவ்வளவுங்கிறது மறுபடி பேச்சுவார்த்தை. இந்த இழுபறி முடியிற வரைக்கும் ஆஸ்பத்திரில இருந்து வெளிய வர வேண்டியவர் ஆஸ்பத்திரிலயே.

எந்தக் கவுன்சில்ங்கிறது இன்னொரு கூத்து. ஒருத்தரை உங்க ஊர்ல இருந்து வேற ஊர் ஹோம்ல போட்டா, பொறுப்பு அனுப்பின கவுன்சிலோடதே, கேர் ஆக்ட் 39வது பிரிவு. இல்லன்னா எல்லாரும் அடுத்தவன் ஊருக்கு அனுப்பிட்டு கையைக் கழுவிடுவாங்கல்ல. இதுல 2015ல சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போன ஒரு வழக்கு இருக்கு, பழைய சட்டத்துல நடந்தது. பிறவிலயே கடுமையான ஊனம் உள்ள ஒரு பையன், பெத்தவங்க வில்ட்ஷயர்ல இருந்தப்போ வில்ட்ஷயர் கவுன்சில் அவனை வளர்ப்புப் பெற்றோர்கிட்ட விட்டுச்சு, அவங்க இருந்தது சவுத் க்ளாஸ்டர்ஷயர். பெத்தவங்க அப்புறம் கார்ன்வாலுக்குக் குடி போயிட்டாங்க. பையனுக்கு 18 ஆச்சு, கேர் ஹோம் கிடைச்சது சாமர்செட்ல. வருஷத்துக்குச் சுமார் 80,000 பவுண்டு செலவு, யார் கட்டுறது? மினிஸ்டர் கார்ன்வால்னார். அப்பீல் கோர்ட் சவுத் க்ளாஸ்டர்ஷயர்னுச்சு. சுப்ரீம் கோர்ட் வில்ட்ஷயர்னு முடிச்சுது, முதல்ல பொறுப்பெடுத்தது அவங்கதானே, பிள்ளையை வெளிய அனுப்பினதால பொறுப்பு போயிடாதுன்னு. தீர்ப்பு வர்றதுக்குள்ள அந்தப் 'பையனுக்கு' வயசு 28 கிட்ட ஆயிடுச்சு. 117வது பிரிவுல இதே மாதிரி வொர்ஸ்டர்ஷயரும் ஸ்விண்டனும் 2023 ஆகஸ்ட் வரைக்கும் அடிச்சுக்கிட்டது, அங்க கடைசில பொறுப்பு ஸ்விண்டன் தலைல விழுந்துச்சு, சட்டம் வேற மாதிரி எழுதியிருந்ததால.

தூரத்துல போடுறதுல காசு மட்டும் பிரச்சினை இல்ல, கண்ணு படாம போயிடும். லண்டன்ல வீட்டு விலை தாங்காது, அதனால கம்பெனிகள் விலை மலிவா இருக்கிற கென்ட், கடலோர ஊர்கள்னு போய் வீடு வாங்கும், லண்டன் கவுன்சில் ஆளை அங்க அனுப்பும். அம்மா அப்பா மாசம் ஒரு தடவை ரெண்டு ட்ரெயின் மாறிப் போகணும். சோஷியல் வொர்க்கர் வருஷத்துக்கு ஒரு ரிவ்யூ, அதுவும் சில சமயம் போன்லயே. டெவன்ல வெய்ல்ஸ்டோன், கட்டூமான்னு ரெண்டு ஹோம் இருந்துச்சு, காம்ப்ளெக்ஸ் நீட்ஸ் உள்ளவங்களுக்குன்னே நடத்தினது, பல கவுன்சில்கள் ஆள் அனுப்பிக் காசு கட்டிக்கிட்டு இருந்தாங்க. அங்க ஆளுங்களை ஒண்ணுமில்லாத ரூம்ல, சூடு இல்லாம, டாய்லெட் இல்லாம பூட்டி வச்சிருக்காங்க. 2010, 2011 வாக்குல நடந்தது, டைரக்டர், மேனேஜர், ஸ்டாஃப்னு 13 பேருக்குத் தண்டனை உறுதியானது 2017ல. ப்ரிஸ்டல் பக்கம் வின்டர்போர்ன் வியூ இன்னும் பிரபலம், 2011 மே 31 அன்னைக்கு அங்க ஸ்டாஃப் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்களைக் கொடுமைப்படுத்தின ரகசியக் கேமரா வீடியோ பிபிசி பனோரமால வந்து நாடே அதிர்ந்துச்சு. அது ஹோம் இல்ல, ப்ரைவேட் ஆஸ்பத்திரி, பெரும்பாலும் என்.ஹெச்.எஸ் காசு, வாரத்துக்குச் சராசரியா ஒரு ஆளுக்கு 3,500 பவுண்டு. 11 பேர் தண்டிக்கப்பட்டாங்க. அதுக்கப்புறம் அரசாங்கம் 2014 ஜூனுக்குள்ள தேவையில்லாம ஆஸ்பத்திரில இருக்கிற எல்லாரையும் வெளிய கொண்டு வருவோம்னுச்சு. நடக்கல. புதுப்புதுத் தேதியா தள்ளிப் போய், இன்னைக்கும் சுமார் 2,000 பேர் உள்ள இருக்காங்க. ஏன்? பல பேருக்கு வெளிய வந்தா போட இடம் இல்ல, வாங்கி வைக்கல. கமிஷனிங் தோத்தா அதோட விலை இவங்கதான்.

இதைத் தடுக்க ஆள் இல்லாம இல்ல. கேர் குவாலிட்டி கமிஷன்னு ஒரு அமைப்பு ஹோம்களுக்கு லைசன்ஸ் குடுத்து ரேட்டிங் போடுது, 2023ல இருந்து கவுன்சில்களையும் சோதிக்குது. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவங்களுக்குப் பெரிய ஹோம் கூடாது, சாதாரணத் தெருவுல சாதாரண வீடு மாதிரி சின்னதா இருக்கணும்ங்கிறது அவங்க பல வருஷமா சொல்ற கொள்கை. கொள்கை நல்லது, நானும் ஒத்துக்கிறேன், ஆனா நாலு பேர் வீட்டுல ஒரு ரூம் காலியானா வருமானத்துல கால்வாசி போச்சு, அதை யார் தாங்குறதுன்னு ரேட்ல சேர்த்துதான் ஆகணும். இதை ஒத்துக்காம சின்ன வீடும் வேணும், குறைஞ்ச ரேட்டும் வேணும்னு கேக்கிற டெண்டர் பேப்பர் நிறைய உண்டு.

அதனாலதான் இப்ப கவுன்சில்கள் சப்போர்ட்டட் லிவிங் பக்கம் சாயுது. அதுல ஆள் வாடகைக்கு இருக்கிறவர், கைல அக்ரிமென்ட் இருக்கும், கேர் தனிக் கம்பெனி. கேர் கம்பெனி சரியில்லன்னா அதை மாத்தலாம், வீட்டை விட்டுப் போக வேண்டாம், இது உண்மையான லாபம். இன்னொரு லாபத்தை மேடைல சொல்ல மாட்டாங்க, வாடகை ஹவுசிங் பெனிஃபிட்ங்கிற வாடகை உதவித்தொகைல போகும், அந்தச் செலவுல பெரும்பகுதி மத்திய அரசோடது, கவுன்சில் கேர் பட்ஜெட்ல இருந்து இறங்கிடும். பேர் மாறினாலும் சில இடத்துல பழைய ஹோமே போர்டை மட்டும் மாத்தியிருக்கும், கதவுல அதே பூட்டு, கிச்சன்ல அதே பூட்டு. 2014ல செஷயர் வெஸ்ட் வழக்குல சுப்ரீம் கோர்ட், ஒருத்தர் எப்பவும் கண்காணிப்புலயும் கட்டுப்பாட்டுலயும் இருந்து, தன்னிஷ்டத்துக்கு வெளிய போக முடியலன்னா, அந்த இடம் எவ்வளவு வசதியா இருந்தாலும் அது சுதந்திரப் பறிப்புதான், சட்ட அனுமதி வேணும்னு சொன்னாங்க, தங்கக் கூண்டும் கூண்டுதான்னு நீதிபதி லேடி ஹேல் சொன்னது அந்தத் தீர்ப்புலதான். கேர் ஹோம்னா அந்த அனுமதியைக் கவுன்சில் வழியா வாங்கலாம், சப்போர்ட்டட் லிவிங்னா தானா முடிவெடுக்க முடியாதவங்களுக்குன்னு இருக்கிற கோர்ட் ஆஃப் புரொடெக்ஷன் போகணும்.

கம்பெனியே திவாலானா? 2011ல சதர்ன் க்ராஸ் விழுந்தப்போ 750 ஹோம், சுமார் 31,000 பேர். கட்டடத்தையெல்லாம் வித்துட்டு அதையே வாடகைக்கு எடுத்து நடத்தினாங்க, வாடகை ஏறிச்சு, கவுன்சில் ரேட் ஏறல, முடிஞ்சுது கதை. அதுக்கப்புறம்தான் கேர் ஆக்ட்ல 48வது பிரிவு, கம்பெனி படுத்துட்டா அங்க இருக்கிறவங்களைத் தற்காலிகமா பார்த்துக்க வேண்டியது அந்த ஊர்க் கவுன்சில், யார் காசு கட்டினாலும் சரி. பெரிய கம்பெனிகளோட நிதி நிலைமையை கேர் குவாலிட்டி கமிஷன் 2015ல இருந்து கண்காணிக்குது.

எங்க நல்லா நடக்குதுன்னு பார்த்தா, அங்க டெண்டர் திறமை பெருசா இருக்காது. யார் வரப் போறாங்கன்னு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருப்பாங்க. ஸ்பெஷல் ஸ்கூல்ல 14 வயசுல இருக்கிற பிள்ளைக்கு நாலு வருஷத்துல 18 ஆகும், இதுக்கு ஜோசியம் தேவையில்ல, கேர் ஆக்ட் 58வது பிரிவு முன்கூட்டியே அசெஸ்மென்ட் செய்யவும் சொல்லுது. நாலு பிள்ளைகளை எடுத்து, யார் யாரோட ஒத்துப் போவாங்கன்னு பார்த்து, கவுன்சிலோ, லாபநோக்கில்லாம வீடு வாடகைக்கு விடுற ஹவுசிங் அசோசியேஷனோ அந்த ஊர்லயே வீட்டைத் தன் பேர்ல வச்சுக்கிட்டு, கேருக்கு மட்டும் கம்பெனியைத் தேடினா, பேரம் பேசுற பலம் தலைகீழா மாறிடும். கம்பெனி மாறினாலும் பிள்ளை அதே ரூம்ல. இதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே காசு போடணும், பட்ஜெட்டோ வருஷா வருஷம், 2023ல பர்மிங்காம், நாட்டிங்காம் ரெண்டும் அடுத்தடுத்து கைல காசில்லன்னு 114 நோட்டீஸ் போட்ட காலத்துல எந்த ஃபைனான்ஸ் டைரக்டர் மூணு வருஷம் கழிச்சு வர்ற மிச்சத்துக்கு இன்னைக்குச் செக் எழுதுவார்?

குடும்பங்களுக்கு ஒண்ணு சொல்லணும், பல பேருக்கு இது தெரியல. கேர் ஆக்ட் 30வது பிரிவுப்படி எந்த ஹோம்னு தேர்ந்தெடுக்கிற உரிமை ஆளுக்கு இருக்கு, தேவைக்குப் பொருந்தணும், இடம் இருக்கணும், பட்ஜெட்டுக்குள்ள இருக்கணும், ஹோம் கவுன்சில் விதிமுறைக்கு ஒத்துக்கணும். அந்தப் பட்ஜெட்டுக்குள்ள கிடைக்கிற ஒரு இடமாவது கவுன்சில் காட்டியே ஆகணும். காட்ட முடியலன்னா பட்ஜெட்டை ஏத்தணுமே தவிர, மீதியை நீங்க போடுங்கன்னு குடும்பத்துகிட்ட கேக்கக் கூடாது. ஆளால தானா பேச முடியாது, அவருக்காகப் பேசவும் பொருத்தமான ஆள் இல்லன்னா 67வது பிரிவுல இலவசமா ஒரு அட்வகேட் கேக்கலாம், வக்கீல் இல்ல, அவர் பக்கம் நின்னு பேசுற ஆள். கேர் ப்ளான் காப்பி எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க, மணி நேரக் கணக்கோட.

அந்த அன்ரியோட மகன் இன்னும் வீட்டுலதான் இருக்கார். போன வருஷ ரிவ்யூக்கும் நான்தான் மொழிபெயர்க்கப் போனேன், எதிர்காலத் திட்டம்னு ஒரு கட்டம் இருந்துச்சு, அதுல ஒரே வரி, 'அம்மா பார்த்துக்கொள்கிறார்'. அன்ரிக்கு 74 வயசு, அந்த மாசம்தான் முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி வந்திருந்துச்சு.